கையில்லாத நாற்காலி

திருவூடல் தெருவில் ரேணுகாம்பாள் டைப் அடிக்கும் அறைக்கு முதல் தடவை வருகிறவர்கள் அந்த நாற்காலியைப் பார்த்துவிட்டு, "இதுக்குக் கை எங்கம்மா போச்சு?" என்று கேட்காமல் இருப்பதில்லை. அவர் மிஷினில் இருந்து கண்ணை எடுக்காமலே, "எனக்கு ரெண்டு இருக்கு, போதும்" என்பார். பதினோரு வருஷமாக இதே பதில்தான்.

நாற்காலிக்குக் கை இல்லை என்பது மட்டுமல்ல, முதுகும் பாதிதான். இடுப்புக்குச் சற்று மேலே ஒரு கட்டை குறுக்கே ஓடுகிறது. அதற்குக் கீழே வெற்றிடம், மேலேயும் வெற்றிடம். உட்காரும் பிரம்புப் பின்னலின் முன்விளிம்பு உருண்டையாக இழைக்கப்பட்டிருக்கிறது. கால்கள் வழக்கமான நாற்காலிக் கால்களை விட உயரம். பார்த்தால், யாரோ பாதி வேலையில் எழுந்து போய்விட்டது போலத் தோன்றும்.

எழுபத்தொன்பதில் நான் ரேணுகாம்பாள் அக்காவிடம்தான் டைப் படித்தேன். பிறகு ஊர் ஊராகப் போனேன். நாசிக், போபால், மஸ்கட், மறுபடி போபால். எந்த ஆபீஸ் நாற்காலியிலும் ஒரு வருஷத்துக்கு மேல் உட்காரவில்லை. போன மாதம் திரும்பி வந்தபோது அதே அறையில், அதே நாற்காலியில், அதே நிமிர்வோடு அக்கா உட்கார்ந்திருந்தார். இவ்வளவு நாள் ஒரே இடத்தில் ஒருத்தர் எப்படி உட்கார முடிகிறது என்று எனக்குப் புரியவில்லை. அவரிடமும் நாற்காலியைச் செய்த தச்சு மேஸ்திரி ஜானி பாஷாவிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இருவர் சொன்னதும் ஒத்துப்போகாத இடங்களில் அக்காவை நம்பியிருக்கிறேன். அவர் தேதியோடு சொல்கிறவர்.

ரேணுகாம்பாளின் ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். பத்தொன்பது வயதில் கல்யாணம், இருபத்திரண்டில் கணவர் காய்ச்சலில் போய்விட்டார். வேலூரில் ஒரு உறவினர் வீட்டில் தங்கி இங்கிலீஷ், தமிழ் இரண்டிலும் டைப்பிங் ஹையர் முடித்தார். அறுபத்தொன்பதில் பழைய மிஷின் ஒன்றைத் தலையணை உறையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு திருவண்ணாமலைக்கு வந்து இறங்கினார். அப்போது கோர்ட் வேலைக்கு டைப் அடித்துத் தருகிறவர்கள் ஊரில் மூன்று பேர். மூவரும் ஆண்கள். நாலாவதாக இவர் போர்டு மாட்டினார். அண்ணன் அருணகிரிக்கு அது பிடிக்கவில்லை. வேர்க்கடலை விளையும் நிலம் இருக்கிறது, வீடு இருக்கிறது, தங்கச்சி ஏன் தெருவைப் பார்த்து உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவர் கேள்வி.

வாடகைக்குப் பிடித்த முன்னறை முன்பு மளிகைக் கடையாக இருந்தது. சுவரோடு பதித்த கடப்பாக்கல் ஒன்று அதில் இருந்தது, தராசு வைக்க. மிஷினை அதன்மேல் வைத்தார். மரமேஜை போல அது ஆடாது. ஆனால் நின்றுகொண்டு சாமான் நிறுப்பவனுக்கு ஏற்ற உயரம் அது. வீட்டுக்காரர் கல்லைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

அறைக்கு இன்னொரு சட்டமும் உண்டு. அது அக்கா போட்டது. செருப்பு வாசலோடு சரி. மிஷினுக்கு வெள்ளிக்கிழமை தோறும் குங்குமம் வைக்கிறவர் அவர். சோறு போடும் இடத்தில் செருப்புக் காலோடு நிற்பதா? விவசாயி வந்தாலும் வக்கீல் வந்தாலும் படியில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். வக்கீல் இராமலிங்கம் ஷூ போடுகிறவர். கயிற்றை அவிழ்க்கிற ஒவ்வொரு தடவையும், "டைப்பம்மா, கருவறைக்குள்ளகூட இவ்ளோ கெடுபிடி கிடையாது" என்பார்.

"கருவறைக்குள்ள உங்களை விடறதே கிடையாது சார்" என்பார் அக்கா.

ஏழு வருஷம் ஒரு இரும்பு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து அடித்தார். அது தாழ்வு, கல்லோ உயரம். தோளைத் தூக்கிக்கொண்டே அடிக்க வேண்டும். எழுபத்தாறு ஆடி மாதம் ஒரு காலையில் படுக்கையில் இருந்து எழுந்திருக்க முடியவில்லை. இடுப்பில் இருந்து இடது கால் வரை யாரோ கம்பியை இழுத்தது போல இருந்தது. டாக்டர் அழுத்திப் பார்த்தார், மாத்திரை எழுதினார், பிறகு பேனாவை மூடிக்கொண்டே, "உட்கார்ற வேலையை விட்டுடுங்க" என்றார்.

"விட்டுட்டு?"

"வீட்ல இருங்க."

விஷயம் கீழ்பென்னாத்தூருக்கு எப்படியோ போய்விட்டது. அடுத்த நாளே அருணகிரி வந்து நின்றார். கோபக்காரர் இல்லை. ஆனால் தான் நினைத்ததையே எல்லாரும் நினைக்கிறார்கள் என்று நம்புகிறவர்.

"கிளம்பு ரேணு. மல்லாட்டை பிடுங்குற நேரம் வருது. உங்க அண்ணி ஒண்டியா கிடக்குறா. நீ வந்து நின்னு பார்த்துக்கினா போதும்."

"நிக்கணுமா? டாக்டரு உட்காராதேன்னுதான் சொன்னாரு, நிக்கச் சொல்லலையே."

"பேச்சுல உன்னை ஜெயிக்க முடியுமா? இடுப்பு போச்சுன்னா யாரு பாப்பாங்க உன்னை?"

அந்த வாரம்தான் இராமலிங்கம் ஒரு கேஸ் கட்டைக் கொடுத்திருந்தார். மூன்று தலைமுறையாக இழுக்கும் பாகப்பிரிவினை வழக்கு ஒன்று அப்பீலுக்குப் போகிறது. சாட்சியம், பத்திரம், தீர்ப்பு எல்லாம் சேர்த்து நானூறு பக்கம். நாலு கார்பன் வைத்து அடிக்க வேண்டும். கார்த்திகை தீபம் முடிந்து பத்தாவது நாள் அவர் கைக்கு வர வேண்டும். முடியாது என்றால் வேலூரில் கொடுத்துவிடுவார். ஒரு தடவை வேலூருக்குப் போன வேலை திரும்பி வராது என்பது அக்காவுக்குத் தெரியும்.

அண்ணனிடம் அந்தக் கட்டைக் காட்டினார். "இதை முடிச்சுக் குடுத்துட்டேன்னா நீ இனிமே என்னைக் கூப்பிடக் கூடாது. முடிக்க முடியலைன்னா மிஷினைக் கட்டி எடுத்துக்கினு நானே வந்துடறேன்."

அருணகிரி, தங்கச்சி எழுந்து நின்ற விதத்தைப் பார்த்தார். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு, இரண்டு தவணையாக எழுந்திருந்தார். "சரி," என்றார் அண்ணன். "தீபம் முடிஞ்சு பத்தாம் நாள் வேன் எடுத்துக்கினு வர்றேன்."

மூன்று நாள் படுத்துக்கொண்டு அக்கா யோசித்தார். அடித்ததால் வலி வரவில்லை, உட்கார்ந்த விதத்தால் வந்தது. விரலில் வலி இல்லையே! அப்படியானால் வேலையை ஏன் விட வேண்டும், நாற்காலியை விட்டால் போதும். நாலாம் நாள் எழுந்து, பழைய ரிப்பன் ஒன்றை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு நாற்காலி தேடக் கிளம்பினார். மை தீர்ந்த ரிப்பன்தான், இருந்தும் விரலில் ஒட்டியது. அதுதான் அவருடைய அளவு நாடா.

முதலில் இராமலிங்கத்தின் ஆபீஸ். அவருடைய நாற்காலி பிரம்பு பின்னியது, அகலமான கைகள், தலைக்கு மேலே போகும் முதுகு. அவர் கோர்ட்டில் இருந்து திரும்பி வந்தபோது டைப்பம்மா தன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"என்னம்மா, நீங்களும் பிராக்டீஸ் ஆரம்பிச்சுட்டீங்களா?"

"சேரை மட்டும் பாத்துட்டுப் போயிடறேன் சார். கட்சிக்காரங்களை நீங்களே வெச்சுக்குங்க."

மேஜையை நெருங்கப் பார்த்தார். நாற்காலியின் கைகள் மேஜை விளிம்பில் முட்டி நின்றன. ஒரு சாண் தள்ளியேதான் உட்கார முடிந்தது. எழுத வேண்டுமானால் முதுகை வளைத்துக் குனிய வேண்டும். அப்போதுதான் அவருக்கு ஒன்று புலப்பட்டது. இராமலிங்கம் இந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுதுவதே இல்லை. சாய்ந்து உட்கார்ந்து பேசுகிறார், குமாஸ்தா எழுதுகிறார். கையும் உயரமான முதுகும் மரியாதைக்கு. குமாஸ்தாவுக்கு முக்காலி.

பாங்கிலும் அதே கதைதான். மேனேஜரின் சுழல் நாற்காலியில் உட்கார்ந்ததும் அது பின்னால் போயிற்று. மெத்தை உள்ளே வாங்கியது. சுகமாகத்தான் இருந்தது, தூக்கம் வருகிற மாதிரி. கையை நீட்டினால் மேஜை ரொம்ப தூரத்தில் இருந்தது. ஒயர் பின்னிய நாற்காலிகள் விற்கிற கடையில் ஆறு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். புதிது எல்லாம் விறைப்பாக இருந்தது. கடைக்காரர் தினமும் உட்காரும் நாற்காலியைக் காட்டி, "அதுல உட்காரலாமா?" என்றார் அக்கா. ஒயர் நடுவில் தொட்டில் போலத் தொங்கியது. ஒரு வருஷத்தில் எது எப்படி ஆகும் என்று தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை.

ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. டைப்பம்மா வந்தால் சேரை ஒளித்து வை என்று தேரடி வீதியில் கேலி செய்தார்கள். அவர் நிறுத்தவில்லை. ஒரு மத்தியானம், ஆள் இல்லாத நேரம் பார்த்து, கடலைக்கடை மூலை அருகே இருந்த சலூனுக்குள் நுழைந்தார். முடிவெட்டுகிறவர் பத்திரிகையைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

"அம்மா, இது ஆம்பளைங்க கடை."

"போர்டைப் படிச்சுட்டுத்தான் வந்தேன். சேர்ல ஒரு தடவை உட்கார்ந்து பாக்கணும்."

"யாராச்சும் பார்த்தா இன்னா நினைப்பாங்க?"

"சேர் வாங்கப் போறேன்னு நினைப்பாங்க."

அவர் வேறு வழியில்லாமல் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி வாசலில் நின்றார். அக்கா ஏறி உட்கார்ந்தார். உயரமான மர நாற்காலி, கீழே கால் வைக்க ஒரு சாய்வுப் பலகை. கண்ணாடியில் பார்த்தால் தன் தோள் இரண்டும் இறங்கி இருந்தன. எத்தனை நாளாயிற்று அப்படிப் பார்த்து! உட்காரும் பலகையின் உயரத்தை ரிப்பனால் அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டார். கால்பலகையை அளக்கவில்லை. அது தலையைச் சாய்க்கிறவர்களுக்காக என்று நினைத்தார்.

"முடிஞ்சுதாம்மா?" என்றார் வாசலில் நின்றவர். "கை வலிக்குது."

மணலூர்பேட்டை ரோட்டில் ஜானி பாஷாவின் பட்டறை. கதவு, ஜன்னல், கல்யாணக் கட்டில் செய்கிறவர். அக்கா வயதுதான் இருக்கும். எதற்கும் வாதம் செய்யாமல் உளியைத் தொடமாட்டார். அக்கா தனக்கு வேண்டியதைச் சொன்னார். கை வேண்டாம். மெத்தை வேண்டாம். முதுகு மேல்வரைக்கும் வேண்டாம், வலிக்கிற இடத்தில் மட்டும் தாங்கினால் போதும்.

 ஜானி பாஷா, "சேருக்கு அழகே கைதானேம்மா. அது இல்லாம குடுத்தா, துட்டு கம்மியா குடுத்தாங்க, அதான் பாய் கையை வெட்டிட்டாருன்னு பேசுவாங்க" என்றார்.

"பேசட்டும். மெஷின்ல கை வைக்கிறப்ப அந்தக் கை நடுவுல வந்து நிக்குது பாய்."

"முதுகு?"

"மேல் முதுகுக்கு ஒண்ணும் இல்ல. அது நல்லாத்தான் இருக்கு."

"பாதி சேரை நான் திருடிட்டேன்னு சொல்வாங்க."

"மீதியைக் கட்டில்ல சேர்த்துடுங்க, உங்களுக்கு லாபம்."

உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. ஜானி பாஷாவின் மனைவி பீபி ஜான். அளவெடுக்க அவர்தான் வந்தார். பட்டறைத் தரை முழுக்க ஆணியும் மரச்சிராயும். அங்கே யாரும் வெறுங்காலோடு நடப்பதில்லை. அக்காவும் செருப்போடுதான் உட்கார்ந்தார். அவர் குள்ளம். அலங்காரம் எதுவும் செய்துகொள்ளாத மனுஷி, ஒரே ஒரு ஆசை, செருப்பு மட்டும் கனத்த அடிப்பாகம் வைத்தது வாங்குவார். அந்த வருஷம் புதிதாக வந்திருந்த மாதிரி, இரண்டு விரல்கடை உயரம்.

பீபி ஜான் தரையில் இருந்து முழங்கால் மடிப்பு வரை ரிப்பனைப் பிடித்து முடிச்சுப் போட்டார். உட்கார்ந்த இடத்தில் இருந்து முழங்கை வரை ஒரு முடிச்சு. இடுப்பில் வலிக்கிற இடத்துக்கு ஒரு முடிச்சு. ஜானி பாஷா கடப்பாக்கல்லின் உயரத்தையும் மிஷினின் உயரத்தையும் கேட்டு, சுவரில் கரியால் கோடு போட்டுப் பார்த்தார். கை எட்ட வேண்டிய உயரத்தில் இருந்து கீழே வந்தாலும், கால் ஊன்ற வேண்டிய தரையில் இருந்து மேலே போனாலும், இரண்டும் ஒரே கோட்டில் வந்து நின்றன.

"பாத்தியா!" என்றார் மனைவியிடம். "அளவுன்னா இது அளவு!"

பீபி ஜான் தன் விரல்களைப் பார்த்தார். எல்லாம் கறுப்பு.

ஐப்பசியில் நாற்காலி வந்தது. அக்கா உட்கார்ந்தார். தோள் இறங்கியது. விரல்கள் மிஷினில் தாமாகப் போய் உட்கார்ந்தன. குறுக்குக் கட்டை, வலிக்கிற இடத்தில் ஒரு உள்ளங்கை போலத் தாங்கியது. ஒரே மணி நேரத்தில் ஐந்து பக்கம். ஜானி பாஷா போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே படியில் நின்று தெருவில் போகிறவர்களிடம் எல்லாம் பேசினார்.

மூன்றாவது மணி நேரத்தில் தொடை மரத்தது. பாதத்தின் நுனி மட்டும்தான் தரையைத் தொட்டது. புது நாற்காலி என்றால் பழக வேண்டும்தானே என்று அடித்தார். சாயங்காலம் இறங்கினால் இரண்டு காலும் யாருடையதோ போல இருந்தன. முன்விளிம்புக்கு நழுவி உட்கார்ந்தால் கால் ஊன்றியது, ஆனால் முதுகுக் கட்டை பின்னால் போய்விட்டது. ஒரு வாரத்தில் இடுப்பு வலி பழையபடி வந்தது. புதிதாகக் கால் வீக்கமும் சேர்ந்தது. ஒரு நாளைக்கு இருபது பக்கம் என்று போட்ட கணக்கு எட்டாக இறங்கியது.

இராமலிங்கம் வந்து பார்த்தார். அடித்து முடித்த தாள்களை எடைபோடுவது போலக் கையில் தூக்கினார். "சேருக்கு நல்லா கை வெச்சிருக்கலாம்மா. கையை ஊனிக்கினாவது எழுந்திருப்பீங்க" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் அக்காவுக்குச் சுட்டது.

"தேதிக்குக் குடுத்துடுவேன் சார்."

"வேலூர்ல ஒரு வார்த்தை சொல்லி வைக்கட்டுமா?"

"வைக்காதீங்க."

அருணகிரியும் ஒரு தடவை எட்டிப்பார்த்தார். நாற்காலியைச் சுற்றி வந்தார். "இதுக்கா இவ்ளோ ஊர் சுத்தினே?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

கார்த்திகை தீபத்தன்று நூற்றுத் தொண்ணூறு பக்கம் பாக்கி இருந்தது. ஊரே அடைத்துக்கொண்டிருந்தது. கோயிலுக்குப் போகிறவர்கள் தெருவில் கண்ட படியில் எல்லாம் செருப்பை விட்டுவிட்டுப் போனார்கள். திரும்பி வருகிறவர்கள் கிடைத்ததை மாட்டிக்கொண்டு போனார்கள். முந்தின வருஷம் அப்படித்தான் அக்காவின் செருப்பு போனது. இந்தப் புதுச் செருப்பை விட மனசில்லை. உள்ளே கொண்டுவரவும் மனசில்லை. கடைசியில் பழைய நியூஸ் பேப்பரில் நாலு சுற்றுச் சுற்றி, நூலால் கட்டி, மிஷின் இருக்கிற பக்கம் பார்க்காமல் கல்லுக்கு அடியில் தள்ளினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு அடிக்க உட்கார்ந்தார்.

வெளியே மேளமும் கூட்டமும். கவனம் முழுவதும் தாளில். மத்தியானம் ஒரு வாய் சோறு சாப்பிட எழுந்தவர், பாதி வழியில் நின்றார். ஒரே தவணையில் எழுந்திருந்தார். சுவரைப் பிடிக்கவில்லை. இன்றைக்கு அண்ணாமலையார் கண் திறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டார். திரும்பி வந்து அடித்தார். இருபத்தேழு பக்கம் ஆயிற்று. இருட்டப் போகிற நேரத்தில் தாள் மாற்றும்போது காலுக்கு அடியில் ஏதோ சரசரத்தது.

குனிந்து பார்த்தார். இரண்டு பாதமும் அந்தப் பேப்பர் பொட்டலத்தின் மேல் ஊன்றி இருந்தன. எப்போது வைத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. காலை எடுத்தார், தொடை விளிம்பில் அழுந்தியது. வைத்தார், அழுத்தம் போனது. எடுத்தார், வைத்தார். பிறகு நாற்காலியை விட்டு இறங்கி, கல்லுக்கு அடியில் முழங்கால் போட்டுப் போய், பொட்டலத்தைக் கையில் எடுத்து அதன் உயரத்தைப் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் மலைமேல் தீபம் ஏற்றினார்கள். ஊர் மொத்தமும் அரோகரா என்று எழுப்பிய சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது. எல்லாரும் மலையைப் பார்த்து நின்றார்கள். ரேணுகாம்பாள் கடப்பாக்கல்லுக்கு அடியில் செருப்புப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு மண்டியிட்டு இருந்தார். எழுந்திருக்கும்போது தலையில் கல் இடித்தது.

மறுநாள் காலை பட்டறைக்குப் போய், "அறுக்குற சாமானோட வாங்க பாய்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். ஜானி பாஷா ரம்பத்தோடு வந்தார். படியில் ஏறி, வழக்கம் போல ஒரு செருப்பைக் கழற்றினார்.

"அப்படியே நில்லுங்க" என்றார் அக்கா.

அவர் ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் இல்லாமலும் நின்றார்.

"இப்ப ரெண்டு காலும் ஒரே உயரமா பாய்?"

ஜானி பாஷா தன் காலைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். அக்காவின் வெறுங்காலைப் பார்த்தார். ரம்பத்தைப் பிடித்த கையாலேயே நெற்றியில் அடித்துக்கொள்ளப் போய், நல்லவேளையாக நிறுத்தினார்.

"அல்லா! செருப்போட அளந்துட்டோம்!"

"நானும்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் தோணலை."

"கவலைப்படாதீங்கம்மா. நாலு காலையும் ரெண்டு விரல்கடை அறுத்துடறேன். அஞ்சு நிமிஷம்."

அவர் நாற்காலியைக் கவிழ்க்கப் போனார். அக்கா ஓடிப்போய் அதில் உட்கார்ந்துகொண்டார்.

"அறுக்கக் கூடாது."

"இது இன்னாம்மா? உயரம்தானே தப்பு?"

"உயரம் தப்பில்லை பாய். கைக்கு இது சரியா இருக்கு. நீங்க காலை அறுத்தீங்கன்னா சேர் கீழே போகும், கல்லு அங்கயே நிக்கும். மறுபடி தோளைத் தூக்கிக்கினு அடிக்கணும். பழைய இரும்புச் சேர் கதைதான்."

"அப்ப கல்லை இறக்குங்க."

"வீட்டுக்காரர் என்னை இறக்கிடுவாரு."

ஜானி பாஷா யோசித்தார். "சேரும் இறங்கக் கூடாது, கல்லும் இறங்கக் கூடாது. பின்னே இன்னாத்தை அறுக்க ரம்பம் எடுத்துட்டு வரச் சொன்னீங்க?"

"தரையை ஏத்தணும்," என்றார் அக்கா. "சலூன் சேர்ல கீழே ஒரு பலகை இருக்குல்ல, பாத்திருக்கீங்களா?"

"மாசம் ஒரு தடவை அதுலதானே கால் வைக்கிறேன்."

"நானும் வெச்சேன். அளக்காம வந்துட்டேன்."

"நீங்க எதுக்கு சலூனுக்குப்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் விட்டுவிட்டார். வாசலில் கிடந்த சாமான் பெட்டி ஒன்றின் பலகையை எடுத்து, முன்னால் தாழ்வாகவும் பின்னால் உயரமாகவும் கட்டை வைத்து ஆணி அடித்தார். இந்தத் தடவை அளவு எடுக்க ரிப்பன் இல்லை. அக்கா உட்கார்ந்து வெறுங்காலை ஊன்றினார், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றார், அவர் சீவினார். அன்று சாயங்காலம் கணவர் கதையைச் சொன்னதும் பீபி ஜான், "ஏன்ஜி, பள்ளிவாசலுக்குள்ள போறப்ப மட்டும் ஞாபகமா கழட்டுறீங்களே" என்று கேட்டாராம். ஜானி பாஷா இதை என்னிடம் சொல்லவில்லை. பீபி ஜானே சொன்னார்.

ஒன்பது நாள். நூற்றறுபது பக்கத்துக்கும் மேலே பாக்கி. அக்கா ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து, வாசல் வரை நடந்து, மலையை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அதை அவர் எந்த நாற்காலியிடமும் கற்கவில்லை. இடுப்பே சொன்னது என்றார். மூன்றாம் நாள் வீக்கம் வடிந்தது. ஆறாம் நாள் வலி இருந்தது, ஆனால் அது வேலை செய்த வலி, படுத்தால் போய்விட்டது. தப்பு விழுந்த தாளை ரப்பர் போடாமல் முழுசாகத் திருப்பி அடித்தார். நாலு கார்பனும் சேர்த்து.

பத்தாம் நாள் காலை அருணகிரி சொன்னபடி வேனோடு வந்தார். மிஷினைக் கட்ட ஒரு சணல் சாக்கும் கயிறும் கொண்டு வந்திருந்தார். படியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"எவ்ளோ ஆச்சு?"

"முந்நூத்தித் தொண்ணூத்தொண்ணு. பேசாத."

அருணகிரி இரும்பு மடக்கு நாற்காலியைப் பிரித்து மூலையில் உட்கார்ந்தார். தங்கச்சி அடிப்பதை அவர் அதுவரை உட்கார்ந்து பார்த்ததே இல்லை. ஏழு வருஷத்தில் வந்த போதெல்லாம் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போயிருக்கிறார். முதுகு நேராக, தோள் அசையாமல், விரல் மட்டும் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது பக்கமும் பார்த்தார். நடுவில் டிரைவர் வந்து ஹார்ன் அடிக்கட்டுமா என்று கேட்டபோது, "சும்மா இருய்யா" என்று அதட்டினார்.

கடைசித் தாளை அக்கா உருவி எடுத்தபோது இராமலிங்கம் படியில் ஷூக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். தாள் கட்டை வாங்கினார், அங்கங்கே புரட்டினார், நாலாவது கார்பன் நகலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, "அடுத்த கட்டு திங்கட்கிழமை அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரிடம் இருந்து அவ்வளவுதான் வரும்.

அருணகிரி எழுந்து வந்தார். இரும்பு நாற்காலியில் இருந்து எழுந்தபோது அவர் கை தானாக இடுப்புக்குப் போனதை அக்கா பார்த்தார். "நகரு, நான் பாக்கறேன்" என்று சொல்லி அவர் கையில்லாத நாற்காலியில் உட்கார்ந்தார். ஆறடி மனுஷன். கால்பலகையில் கால் வைத்ததும் முழங்கால் இரண்டும் கடப்பாக்கல்லில் இடித்தன. குறுக்குக் கட்டை எங்கேயோ கீழே குத்தியது.

"இதுல போய் இன்னா சுகம் இருக்கு உனக்கு?"

"உனக்கு அளவெடுத்துச் செய்யலையே ண்ணா."

 அருணகிரி மிஷினின் ஒரு எழுத்தை விரலால் அழுத்தினார். தாள் இல்லாத உருளையில் அது தட்டிவிட்டுத் திரும்பியது. பிறகு எழுந்து, கொண்டு வந்த சாக்கையும் கயிற்றையும் பார்த்தார்.

"வேன் காலியா போகணுமா?" என்றார்.

"அந்த இரும்புச் சேரை எடுத்துக்கினு போ. மல்லாட்டை காய வைக்கிறப்ப காவலுக்கு உட்கார ஆவும்."

"என் இடுப்பு போனா பரவாயில்லையா?"

"பாயை அனுப்பறேன், அளவு எடுத்துக்கோ. களத்துல செருப்பு போடுவியா, மாட்டியா, அதை முதல்ல யோசிச்சு வை."

அருணகிரி இரும்பு நாற்காலியை மடக்கிச் சாக்கில் சுற்றி, மிஷினுக்கு என்று கொண்டு வந்த கயிற்றால் கட்டினார். வேன் கிளம்பும் சத்தம் கேட்டபோது ரேணுகாம்பாள் வாசலுக்கு வரவில்லை. பாதங்களைப் பலகையில் ஊன்றி, அடுத்து வந்திருந்த ஒரு மனுவுக்கு வெள்ளைத் தாளும் கார்பனும் அடுக்கி உருளையில் செருகிக்கொண்டிருந்தார்.